குவில்ட் அடுக்கைப் பிடித்து வைக்க எது நல்லது: கழுவினால் போகும் பசையா, ஊக்கா, நூலா, ஸ்ப்ரேயா?

துண்டுத் துணிகளை இணைத்துக் குவில்டின் மேல்துணி தைத்தாயிற்று, நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்பான பேட்டிங் வாங்கியாயிற்று, அடித்துணியும் தயார். இனி மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் குவில்டிங் தையல் மெஷினில் முடியும்வரை நகராமல் பிடித்து வைக்க வேண்டும். அதற்கு ஊக்கு குத்தலாம், நூலால் நீள ஓட்டுத்தையல் போடலாம், ஸ்ப்ரே அடிக்கலாம், இஸ்திரியில் ஒட்டும் பேட்டிங் வாங்கலாம். பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையாலும் ஒட்டலாம். கடைசி வழியைப் பரவலாக்கியவர்களில் ஒருவர் ஷாரன் ஷாம்பர் என்ற அமெரிக்கக் குவில்ட் ஆசிரியை. எல்மர்ஸ் வாஷபிள் ஸ்கூல் க்ளூவை மெல்லிய முனை வழியாக இட்டுத் தைக்கும் அவருடைய முறையை இன்று உலகெங்கும் பின்பற்றுகிறார்கள்.

எது வேகம், எது மலிவு என்றுதான் பெரும்பாலோர் முதலில் பார்க்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்தக் குவில்ட் தண்ணீரில் இறங்குமா, இறங்கும் என்றால் எப்போது? ஊக்கைக் கையால் எடுத்துவிடலாம், நூலை வெட்டி உருவிவிடலாம். பசை வெளியேற ஒரே வழி தண்ணீர். துவைக்கவே முடியாத துணியில் பசை வைத்தால் அது அங்கேயே தங்கிவிடும். துவைக்கலாம், ஆனால் சாயம் போகும் என்ற துணியானால், பசையை எடுக்கப் போட்ட தண்ணீரே குவில்டைக் கெடுத்துவிடும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம் வீட்டு அலமாரிகளில் இருக்கும் துணிகளுக்கு இந்தக் கேள்வி மிகவும் பொருந்தும். அங்கே ஷ்வெஷ்வெ என்ற தென்னாப்பிரிக்கப் பூவேலைப் பருத்தித் துணியும் இருக்கும், பழைய புடவைகளும் இருக்கும்.

துணி முதலில், பசை பிறகு

கிரே ஸ்ட்ரீட்டில், அதாவது இன்றைய டாக்டர் யூசுஃப் டாடூ ஸ்ட்ரீட்டில், வாங்கும் புது ஷ்வெஷ்வெ அட்டை மாதிரி விறைப்பாக இருக்கும். ஈஸ்டர்ன் கேப்பின் ஸ்வெலிட்ஷாவில் உள்ள டா காமா ஆலையின் பெயரோடு வரும் 'த்ரீ கேட்ஸ்' (மூன்று பூனை) துணி இந்த விறைப்புக்கே பேர்போனது. அந்தக் காலத்தில் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த துணி வழியில் கெடாதிருக்கக் கனமாகக் கஞ்சி போட்டார்கள். அந்த வழக்கம் இன்றும் விடவில்லை. ஒரு துவைப்பில் கஞ்சி போய்த் துணி மெத்தென்று ஆகிவிடும், கொஞ்சம் சுருங்கவும் செய்யும். அதன் பூ வேலை வெள்ளைச் சாயத்தால் அச்சடித்தது அல்ல. சாயமேற்றிய துணியில் செப்பு உருளை வழியாக நீர்த்த அமிலத்தைக் கொடுத்து, பூ வரவேண்டிய இடத்தில் மட்டும் நிறத்தை எடுக்கிறார்கள். அதனால் அந்த வெள்ளைப் புள்ளியெல்லாம் வெறும் பருத்திதான். முதல் துவைப்பில் கசியும் நீலம் அந்தப் புள்ளிகளிலும், பக்கத்தில் தைத்த வெள்ளைத் துணியிலும் போய் உட்காரும்.

பசை போடுவது என்றால், ஷ்வெஷ்வெயை வெட்டும் முன்பே தனியாகக் குளிர்ந்த தண்ணீரில், தண்ணீர் தெளியும்வரை அலசியே ஆக வேண்டும். உப்பும் வினிகரும் போட்டால் சாயம் நிற்கும் என்பார்கள். ஏற்கெனவே சாயமேற்றிய துணியில் அவை சாயத்தைப் பிடித்து நிறுத்துவதில்லை, அலசல்தான் வேலை செய்கிறது. கஞ்சியோடேயே வெட்டித் தைத்தால் நேர்த்தியாக இருக்கும் என்று சிலர் துவைக்காமல் தைப்பார்கள். அப்படித் தைக்கிறவர்கள் அடுக்குவதற்கு ஊக்கையே எடுக்கட்டும். முடிந்த குவில்டை எப்போது, எப்படித் துவைப்பது என்பது அப்போது அவர்கள் கையில் இருக்கும். பசை அந்தச் சுதந்திரத்தைக் கொடுக்காது.

புடவைத் துண்டுகளுக்குக் கணக்கு வேறு. பட்டும் சரிகையும் தண்ணீர் பட்டால் கறை காட்டும், நெசவின் பளபளப்பு மங்கும். அம்மாவின் கல்யாணப் புடவையிலிருந்து செய்யும் சுவர்த்தொங்கலில் ஒரு சொட்டுப் பசைகூட வேண்டாம். அதற்கு நூல்தான், அதுவும் மெல்லிய ஊசியில் பட்டு நூல் அல்லது மெல்லிய பருத்தி நூல். பாலியெஸ்டர் ஜார்ஜெட் போன்ற பாலியெஸ்டர் புடவைகளைத் தாராளமாகத் துவைக்கலாம், சாயமும் பெரும்பாலும் நிற்கும். ஆனால் அவை கத்தரிக்கும் ஊசிக்கும் அடங்காமல் வழுக்கிக்கொண்டே போகும். பசை தன் முழு மதிப்பைக் காட்டுவது அந்தத் துணிகளில்தான்.

எந்தப் பசை

பாட்டிலில் 'வாஷபிள்' என்று இருக்க வேண்டும். வெள்ளையாக, பால்போல இருப்பது மட்டும் போதாது. ஹார்டுவேர் கடையில் 'கோல்ட் க்ளூ' (cold glue) என்று கேட்டால் தரும் மரப்பசையும் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும், விலையும் குறைவு. அதைத் துணியில் போடவே கூடாது. மரப்பசை காயும்போது அதன் நுண்துகள்கள் ஒன்றோடொன்று கலந்து ஒரே படலமாகிவிடும். பிறகு தண்ணீர் அதைக் கரைக்காது. கழுவினால் போகும் பசையில் தண்ணீரில் கரையக்கூடிய பொருள் அதிகம், அதனால் காய்ந்த படலமும் மறுபடி ஈரம் குடித்து வழுவழுத்துக் கரையும்.

சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே சோதிக்கலாம். ஃபாயில் தாளில் ஒரு சொட்டு இட்டு ராத்திரி முழுக்கக் காயவிட்டு, காலையில் உரித்து வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு அரை மணி நேரம் பாருங்கள். வழுவழுத்து விரலில் கரைந்தால் அது நல்ல பசை. வெளுத்து, ரப்பர் மாதிரி இழுபட்டு முழுதாகவே நின்றால் அந்தப் பாட்டிலைப் பிள்ளைகளின் அட்டை வேலைக்குக் கொடுத்துவிடுங்கள். இதற்குமேல் இன்னொரு சோதனையும் வேண்டும். உங்கள் துணி, உங்கள் பேட்டிங், உங்கள் பசை மூன்றையும் வைத்து உள்ளங்கை அளவுக்கு ஒரு அடுக்கு செய்து, தைத்து, துவைத்துக் காயவைத்துப் பாருங்கள். கறை, விறைப்பு, சாயக் கசிவு மூன்றும் அதிலேயே தெரிந்துவிடும்.

மைதாப் பசையைப் பற்றியும் கேட்கிறார்கள். கேக் மாவைத் தண்ணீரில் காய்ச்சிய பசை ஒட்டும், கழுவினால் போகவும் செய்யும். ஆனால் நம் கடற்கரை ஊர்களின் ஈரத்தில் அது சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும், ராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் தீனியாகும். அதே வாரத்தில் தைத்துத் துவைத்துவிட முடிந்தால் சரி. ஆறு மாதம் கிடக்கப்போகும் வேலைக்கு மாவுப் பசை ஆகாது.

எவ்வளவு, எப்படி

பசையால் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி அதிகமாகப் போடுவதால்தான். 150 × 200 செ.மீ. குவில்டை எடுத்துக்கொள்வோம். பசைக் கோடு 1 மி.மீ. அகலம், அரை மி.மீ. உயரம் இருந்தால் ஒரு மீட்டர் கோட்டுக்கு அரை மி.லி. செலவாகும். 10 செ.மீ. இடைவெளியில் நீளவாக்கில் 16 கோடுகள் இழுத்தால் 32 மீட்டர், அதாவது 16 மி.லி. நேராக இழுக்காமல் நெளிநெளியாக இட்டால் ஒன்றரை மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம், 24 மி.லி. பேட்டிங்கின் இரண்டு முகத்துக்கும், வெளியே நீட்டியிருக்கும் ஓரத்துக்கும் சேர்த்தால் 60 மி.லி.யைத் தாண்டாது. 125 மி.லி. பாட்டிலில் பாதி மிஞ்ச வேண்டும். ஒரே குவில்டில் பாட்டில் காலியானால் கோடு தடித்துவிட்டது என்று பொருள்.

பாட்டிலோடு வரும் வாய் இந்த அளவுக்கு மெல்லியது அல்ல. பசை பாட்டிலுக்குப் பொருந்தும் உலோக நுனி கிடைத்தால் அதைப் போடலாம். இல்லாவிட்டால் காலி மருதாணிக் கோன் ஒன்றில் பசையை நிரப்பி, நுனியை 1 மி.மீ. மட்டும் வெட்டிக்கொள்ளுங்கள். கோல இழை மாதிரி ஒரே சீராக வரும். நிறுத்தும் நேரத்தில் நுனியில் ஒரு குண்டூசியைச் செருகி வைத்தால் அடைக்காது.

அடித்துணியை எல்லாப் பக்கமும் 10 செ.மீ. பெரிதாக வெட்ட வேண்டும், இந்த அளவுக்கு 170 × 220. ஷ்வெஷ்வெயின் அகலம் 90 செ.மீ.தான். அதனால் 2.2 மீட்டர் நீளமாக இரண்டு துண்டு, மொத்தம் 4.4 மீட்டர் வாங்கி நடுவில் இணைக்க வேண்டும். துவைத்தால் சுருங்கும் என்பதால் 4.6 வாங்குங்கள். இணைத்த தையலை இருபுறமும் விரித்து இஸ்திரி போடுங்கள், இல்லையென்றால் நடுவில் ஒரு மேடு ஓடும்.

அடித்துணியின் உள்பக்கம் மேலே இருக்க, மேசையிலோ தரையிலோ விரித்து மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள். சுருக்கம் இல்லாமல் இருக்க வேண்டும், ஆனால் இழுத்து ஒட்டக் கூடாது. இழுத்து ஒட்டிய துணி டேப்பை எடுத்ததும் தன் பழைய அளவுக்குச் சுருங்கி, பேட்டிங்கை அலையலையாகத் தூக்கிவிடும். அதன்மேல் பேட்டிங்கைப் போட்டு, பாதியைப் பின்னால் மடியுங்கள். திறந்திருக்கும் பேட்டிங் முகத்தில் பசைக் கோடுகளை இட்டு, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிக் கையால் தடவிக்கொண்டே திருப்பிப் போடுங்கள். துணியின்மேல் இடுவதைவிடப் பேட்டிங்கின்மேல் இடுவதே மேல் என்பது எங்கள் தீர்ப்பு. அதிகமான பசையைப் பஞ்சு குடித்துக்கொள்ளும், மெல்லிய வெள்ளைத் துணியின் நல்ல பக்கத்துக்கு ஊறி வராது. மறுபாதிக்கும் அப்படியே. பிறகு மேல்துணிக்கும் அதே முறை.

காயவைக்க உலர்ந்த இஸ்திரி போதும். பெட்டியைத் தேய்க்காமல், ஓரிடத்தில் ஐந்தாறு வினாடி அழுத்தி எடுத்து, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். ஸ்டீம் கூடவே கூடாது, ஈரம் பசையை மறுபடி இளக்கிவிடும். பாலியெஸ்டர் பேட்டிங் என்றால் சூட்டைக் குறைத்து வையுங்கள், அதிகச் சூட்டில் அது அமுங்கிப் பலகை மாதிரி ஆகிவிடும்.

இஸ்திரி போடும் முன் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். குவில்டிங் கோடுகளை மேல்துணியில் தண்ணீரில் போகும் நீலப் பேனாவால் வரைந்திருந்தால் சூடு காட்டவே கூடாது. சூடு பட்ட நீலம் நிலைத்துவிடும், பிறகு தண்ணீருக்கும் போகாது. சூட்டில் மறையும் ஃப்ரிக்ஷன் பேனாவில் வரைந்திருந்தால் இதற்கு நேர்மாறு, எல்லாக் கோடும் ஒரே நிமிடத்தில் காணாமல் போய்விடும். பசை போட்டு இஸ்திரியும் முடித்தபிறகே கோடு வரைவது என்று வைத்துக்கொண்டால் இரண்டு ஆபத்தும் இல்லை.

கரண்ட் இல்லாத நாளில் காற்றே காயவைக்கும், ஆனால் ஊரைப் பொறுத்து. ஈரக் காற்று வீசும் ஜனவரிக் கோடையில், டர்பன் பக்கத்து சாட்ஸ்வர்த்திலோ டொங்காட்டிலோ ஜன்னலைத் திறந்தே வைத்தாலும் ஒரு ராத்திரி போதாமல் போகலாம். தொட்டுப் பார்த்துச் சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து லெனேஷியாவில், குளிர்காலத்தில் பிரச்சினை தலைகீழ். ஹைவெல்ட் என்ற அந்த மேட்டுநிலத்தின் வறண்ட காற்றில், துணியைத் திருப்பிப் போடுவதற்குள்ளேயே கோட்டின்மேல் ஆடை படிந்துவிடும், அப்புறம் அது ஒட்டாது. அங்கே பாதிக் குவில்டுக்கு ஒரேயடியாகப் பசை இடாமல், 30 செ.மீ. அகலத்துக்கு இட்டு ஒட்டி, அடுத்த 30க்குப் போக வேண்டும்.

காயாத பசையின்மேல் தைத்தால் ஊசியில் பிசின் ஏறும், நூல் பிரிந்து அறும், தையல் விட்டுவிட்டு விழும். காய்ந்துவிட்ட தடித்த சொட்டு வேறு விதமாகத் தொல்லை கொடுக்கும். ஊசி அதில் மோதி விலகும், சில சமயம் முறியும். அப்படியொரு சொட்டு கையில் தட்டுப்பட்டால் மேலிருந்து ஈரத்துணியை ஒரு நிமிடம் வைத்து, இளகியதும் விரலால் பரப்பிவிட்டு மறுபடி காயவையுங்கள். மடிப்பு விழுந்திருந்தாலும் இதே வைத்தியம்தான், ஓரத்திலிருந்து மெல்ல உரித்து, தடவி, திரும்ப ஒட்டலாம். ஷ்வெஷ்வெ நெருக்கமான நெசவு, அதற்கு 90/14 குவில்டிங் ஊசியும், மேலடுக்கையும் கீழடுக்கையும் ஒன்றாக நகர்த்தும் வாக்கிங் ஃபுட் என்ற மெஷின் பாதமும் வைத்துக்கொண்டால் அடுக்கு நகராது.

ஊக்கு

வளைந்த குவில்ட் ஊக்கைக் கைமுட்டி அகலத்துக்கு ஒன்று, அதாவது 10 செ.மீ.க்கு ஒன்று என்று குத்தினால் இந்த அளவுக் குவில்டுக்கு 15 × 20, மொத்தம் 300 ஊக்கு வேண்டும். முதலில் செலவு, பிறகு பல வருடம் செலவே இல்லை. ஊக்கின் பெரிய பலம் அவசரம் இல்லாமை. தண்ணீர் வேண்டாம், சூடு வேண்டாம், காய வேண்டாம், தவறினால் எடுத்துத் திரும்பக் குத்தலாம். கனமான, உப்பலான பாலியெஸ்டர் பேட்டிங்குக்கு ஊக்குதான் சரி. பசை அப்படிப்பட்ட பேட்டிங்கின் மேல் இழைகளை மட்டுமே பிடிக்கும், உள்ளே பஞ்சு நகர்ந்துகொண்டே இருக்கும். ஊக்கு மூன்று அடுக்கையும் ஊடுருவிப் பிடிக்கிறது.

குறை, தைக்கும்போது ஒவ்வொன்றாக நிறுத்தி எடுக்க வேண்டும். ஊக்கின்மேல் ஊசி இறங்கினால் ஊசி போகும், மெஷினின் டைமிங்கும் போகலாம். அதைவிட நம் ஊரில் அஞ்ச வேண்டியது துரு. கடற்காற்று வீசும் இடத்தில் பாதி தைத்த குவில்டை ஊக்கோடு மாதக்கணக்கில் மடித்து வைத்தால் பழுப்புப் புள்ளிகள் விழும், துவைத்தாலும் போகாது. எலுமிச்சையும் உப்பும் போட்டால் துரு போகலாம், ஆனால் அந்தப் புளிப்பு துணியின் நிறத்தையும் கொண்டுபோகலாம். நிறுத்தி நிறுத்தித் தைக்கிறவர்கள் துருப்பிடிக்காத எஃகு ஊக்கை வாங்கட்டும். குழந்தைக்கான குவில்டில் எண்ணிக் குத்தி, எண்ணி எடுக்க வேண்டும். மறந்துபோன ஒரே ஒரு ஊக்கின் பயம் இல்லை என்பதே, குழந்தைக் குவில்டுக்குப் பசையைச் சொல்லப் போதுமான காரணம்.

நூல்

கையால் குவில்ட் செய்கிறவர்களுக்கு இதற்கு மாற்றே இல்லை. காய்ந்த பசைக் கோட்டைக் கை ஊசியால் குத்தி இழுத்தால் விரல் வலிக்கும், தையலின் அளவும் மாறும். நூலோட்டத்தில் அந்தத் தடை எங்கும் இல்லை, மாதக்கணக்கில் சட்டத்தில் கிடந்தாலும் கெடுதல் இல்லை. 3 முதல் 5 செ.மீ. நீளத் தையலாக, நடுவிலிருந்து தொடங்கி, 10 செ.மீ. இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும் ஓட்டினால் இந்த அளவுக்கு நூல் சுமார் 70 மீட்டர் போகும். நேரம்தான் அதன் விலை. ஒரு முழு மத்தியானத்தை ஒதுக்கிக்கொள்ளுங்கள். வெள்ளை நூலையே பயன்படுத்துங்கள். எடுக்கும்போது தெரியட்டும் என்று சிவப்பு நூலை ஓட்டினால் அதன் சாயத் துகள் வெள்ளைத் துணியின் துளைகளில் தங்கிவிடும்.

ஸ்ப்ரேயும் ஒட்டும் பேட்டிங்கும்

பிரான்ஸின் ஓடிஃப் நிறுவனத்தின் 505 போன்ற தற்காலிக ஸ்ப்ரே, வேகத்தில் எல்லாவற்றையும் தோற்கடிக்கும். காய வேண்டாம், உரித்து உரித்துத் திரும்ப ஒட்டலாம். முதுகுவலி உள்ளவர்கள் இதை விரும்புவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் குவில்டுக்குக் குவில்ட் அதிகம் செலவாவதும் இதுவே. டப்பாவில் இருக்கும் வாயு தீப்பற்றக்கூடியது. பூஜை விளக்கு எரியும் அறையிலோ, கேஸ் அடுப்புக்குப் பக்கத்திலோ அடிக்கவே கூடாது. வராந்தாவில், காற்று முதுகுப் பக்கத்திலிருந்து வீச, மூக்கை மூடிக்கொண்டு, தரையில் பழைய படுக்கை விரிப்பைப் போட்டு அடியுங்கள். ஆஸ்துமா இருக்கும் வீட்டில் இந்த யோசனையே வேண்டாம். அதிகம் அடித்தால் ஊசியில் பிசுபிசுப்பு ஏறும். அது தண்ணீருக்குப் போகாது, மருந்துக் கடையில் வாங்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுத் துடைக்க வேண்டும். பள்ளிப் பசை ஏறிய ஊசிக்கு ஈரத்துணி போதும்.

இஸ்திரியில் ஒட்டும் பேட்டிங் சின்ன வேலைக்கு நன்று. மேசை விரிப்பு, பை, தலையணை உறை, அவ்வளவுதான். பெரிய குவில்டில் ஒரு பக்கம் ஒட்டும்போது மறுபக்கம் சுருங்கும், சரிசெய்யவும் கடினம்.

துண்டுகளை இணைக்கும்போது பசை

அடுக்குவதற்குப் பசையை வேண்டாம் என்கிறவர்கள்கூட, துண்டு இணைக்கும்போது ஒருமுறை முயன்று பார்க்க வேண்டும். குண்டூசி துணியைக் கொஞ்சம் தூக்கித்தான் பிடிக்கிறது, மெஷின் பாதம் அந்த மேட்டில் ஏறும்போது மேல்துணி ஓர் இழை நகர்கிறது. பசையில் அந்த மேடு இல்லை. கோடுபோட்ட துணியில் கோட்டுக்குக் கோடு, நட்சத்திரத்தில் முனைக்கு முனை, வளைவுத் துண்டில் குழிந்த ஓரத்துக்கு வளைந்த ஓரம் இவையெல்லாம் பொருந்த வேண்டிய இடத்தில் பசை குண்டூசியைவிடச் சந்தேகமில்லாமல் நல்லது.

குவில்ட் தையலுக்கு விடும் ஓரம் 6 மி.மீ. பசை அந்த 6 மி.மீ.க்குள், அதுவும் துணியின் வெளி விளிம்பையொட்டிய 3 மி.மீ.க்குள் மட்டும் விழ வேண்டும். தையல் ஓடும் கோட்டில் பசை இருக்கக் கூடாது. ஓரத்தில் முடி மாதிரி ஒரு கோடு, அல்லது 2 செ.மீ.க்கு ஒரு சின்னப் புள்ளி. மற்றத் துண்டைப் பொருத்தி, உலர்ந்த இஸ்திரியை மூன்று வினாடி வைத்து எடுங்கள். நான்கு துண்டு கூடும் இடத்தில், ஒரு தையலின் ஓரம் இடப்பக்கமும் மற்றதன் ஓரம் வலப்பக்கமும் சாயவிட்டு, இரண்டும் ஒன்றுக்கொன்று முட்டி நிற்கும்படி வைத்து, அந்தச் சந்திப்பில் மட்டும் ஒரு புள்ளி வைத்தால் போதும்.

இதில் ஒரு விலை இருக்கிறது. ஒட்டிய இரண்டு ஓரமும் தைத்தபிறகும் ஒட்டியே இருக்கும். அதனால் தையலை ஒரு பக்கமாகச் சாய்த்துத்தான் இஸ்திரி போட முடியும், விரித்துப் போட வேண்டும் என்றால் முதலில் உரிக்க வேண்டும். அப்படி உரிக்கும்போது குறுக்கு வெட்டு ஓரங்கள் இழுபட்டு நீளும். விரித்த தையல் வேண்டிய வடிவங்களுக்குக் கோடாக இடாமல் புள்ளியாக மட்டும் வையுங்கள். தவறாகத் தைத்ததைப் பிரிப்பதும் கொஞ்சம் சிரமமே, ஈரம் காட்டி இளக்கிவிட்டுப் பிரிக்க வேண்டும்.

வழுக்கும் ஜார்ஜெட் புடவைத் துண்டுக்கு இன்னும் ஒரு படி. மெல்லிய பருத்தித் துணியை அடியில் வைத்து, நான்கு ஓரத்திலும் பசைப் புள்ளியால் அதோடு ஒட்டி, குறைந்த சூட்டில் காயவைத்து, பிறகு இரண்டையும் ஒரே துணியாக எண்ணி வெட்டுங்கள். வெட்டிய அளவு வெட்டியபடி நிற்கும்.

அறுகோணத் துண்டுகளைத் தாளின்மேல் மடித்துக் கையால் இணைக்கும் வேலையில் நீர்ப்பசையைவிடக் குச்சிப் பசை நல்லது. மடிப்பின் ஓரத்திலிருந்து 3 மி.மீ. உள்ளே தள்ளித் தடவினால் கை ஊசி பசையில் சிக்காது, தாளும் சுலபமாக உரியும். டர்பன் கோடையில் குச்சி இளகிக் கூழாகும். ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் சீராகத் தடவலாம்.

பசையை ஒரே ஓர் இடத்தில்தான் பயன்படுத்துவேன் என்றால், அது ஓரப்பட்டியாக இருக்கட்டும். பட்டியை முன்பக்கம் தைத்துப் பின்னால் மடித்து, மடிப்பின் உள்ளே மெல்லிய கோடு இட்டு இஸ்திரி வையுங்கள். மூலையை மடித்து ஒரு புள்ளி. சுற்றி முடித்ததும் முன்பக்கத்திலிருந்து மெஷினில் ஓட்டினால் பின்பட்டி ஓரிடத்திலும் தப்பாமல் தையலில் மாட்டும். குண்டூசியோ கிளிப்போ இந்த நேர்த்தியைக் கொடுப்பதில்லை.

எதற்கு எது

துவைத்த பருத்தித் துணி, மெல்லிய பருத்தி பேட்டிங், மெஷின் தையல், இரண்டு மூன்று வாரத்தில் முடிந்துவிடும் வேலை என்றால் பசையை எடுங்கள், யோசிக்கவே வேண்டாம். குழந்தைக் குவில்டுக்கும் அப்படியே. துவைக்காத ஷ்வெஷ்வெ, உப்பலான பேட்டிங், விட்டுவிட்டுத் தைக்கும் பழக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும் ஊக்கு. பட்டு, சரிகை, கைத்தையல் என்றால் நூல். நாளை மறுநாள் கொடுக்க வேண்டிய பரிசு, திறந்த வராந்தா, கையில் பணம் மூன்றும் இருந்தால் ஸ்ப்ரே. லாங்ஆர்ம் என்ற பெரிய குவில்டிங் மெஷின் வைத்திருப்பவரிடம் கொடுப்பதானால் எதுவுமே வேண்டாம், அவர்கள் மூன்று அடுக்கையும் மெஷினின் சட்டத்தில் தனித்தனியாக ஏற்றிக்கொள்வார்கள். ஒட்டிக் கொடுத்தால் அவர்களுக்குத் தொல்லை.

பசையை வெளியேற்றும் துவைப்பு

தைத்து முடித்ததும் தள்ளிப்போடாமல் துவையுங்கள். பசை ஆறு மாதம், ஒரு வருடம் என்று கிடக்கக் கிடக்கக் கரைவது கடினமாகும். மேல்துணியில் நீலப் பேனாக் கோடுகள் இருந்தால் முதலில் குளிர்ந்த தண்ணீரில் சோப்பு இல்லாமல் அலசி அவற்றைப் போக்குங்கள், சோப்பும் சூடும் அவற்றை நிலைக்கச் செய்யலாம். பிறகு குளியல் தொட்டியில், 30 டிகிரிக்கு மேற்போகாத வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். தண்ணீர் கொஞ்சம் வழுவழுப்பாவது நல்ல அடையாளம். அந்தத் தண்ணீரை முழுதாகக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில், மிதமான சோப்போடும் சாயம் உறிஞ்சும் தாள் ஒன்றோடும் மெஷினில் மென்மையான சுற்றில் போடுங்கள்.

உலர்த்தும் முன், ஈரமாக இருக்கும்போதே, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் குவில்டை ஓரம் ஓரமாகத் தடவிப் பாருங்கள். எங்காவது வழுக்கினால் பசை மிச்சம் இருக்கிறது, இன்னொரு முறை ஊறவையுங்கள். அதைக் கவனிக்காமல் டம்பிள் டிரையரில் போட்டால் அந்த இடம் மறுபடி இறுகி, விறைத்துத் தெரியும். கொடியில் தொங்கவிடாமல், நிழலில் இரண்டு கொடிகளுக்குக் குறுக்கே பரப்பிப் போடுங்கள். நனைந்த குவில்டின் கனம் தையலை இழுக்கும், நேர்வெயில் நீலத்தை வெளிறடிக்கும்.